டாக்டர் நிரபராதி

முதல் பிரதியை யாருக்குக் கொடுக்கலாம் என்று புத்தகசாலை சுமன் கேட்டபோது டெல்சி யோசிக்கவே இல்லை. "எங்க அண்ணனுக்குத்தான்" என்று சொல்லிவிட்டாள். வினை அங்கேதான் ஆரம்பமானது.

அண்ணன் என்றால் பாதர் மத்தியாஸ். வட்டகொடைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தின் கடைசி வீட்டில் பிறந்து, குருமடத்துக்குப் போய், வெள்ளை அங்கியோடு திரும்பி வந்தவர். இப்போது லிந்துலைப் பக்கம் ஒரு கோயிலில் பங்குச் சாமியார். அதே லயத்து வீட்டில் அவருக்குப் பின்னால் பிறந்து, அவர் படித்துப் போட்ட புத்தகங்களைப் படித்தே இங்கிலீஷ் டீச்சரானவள் டெல்சி. அவளுடைய முதல் புத்தகத்தின் முதல் பிரதியை வேறு யார் கையில் கொடுப்பது? வேறு யாருக்காவது கொடுத்தால் அந்த மனுஷன் சும்மா விடுவாரா?

புத்தகம் அவளுடைய சொந்தக் கதையல்ல, மொழிபெயர்ப்பு. கூடப் படித்த சுலக்ஷனா அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். அவள்தான் அந்த நாட்டுக் குற்றக் கதைகளின் தொகுப்பொன்றை அனுப்பி வைத்தாள். "இங்கயும் எந்நேரமும் மழைதான், மலைதான், பனிதான், ஞாயித்துக்கெழமை கோயில்தான். அப்படியே நம்ம ஊரு. ஆனா இந்தக் கதையில ஆளுங்க மட்டும் செத்துக்கிட்டே இருக்காங்க" என்று முதல் பக்கத்தில் எழுதியிருந்தாள். டெல்சிக்குக் கதைகள் பிடித்துப்போயின. மின்னஞ்சல் போட்டு அனுமதி வாங்கி, பள்ளிக்கூட விடுமுறையிலெல்லாம் உட்கார்ந்து தமிழாக்கினாள். தலவாக்கலை ஸ்டேஷன் றோட்டில் கடை வைத்திருக்கும் சுமன், தானே அச்சடிப்பதாக முன்வந்தான். பெயரும் வைத்தாயிற்று: மழை நின்ற பிறகு ஒரு பிணம்.

தொகுப்பின் கடைசிக் கதைதான் சிக்கல். ஒரு ஏரிக்கரைக் கிராமத்தில் தபால் கந்தோர் அம்மாள் செத்துக் கிடக்கிறாள். ஊர் டாக்டர் மேல் எல்லாருக்கும் சந்தேகம். கொன்றது டாக்டர் இல்லை, ஊர்ச் சாமியார் பாதர் டோனல் என்பது கடைசிப் பக்கத்தில்தான் தெரியும்.

இதுவே போதுமான வம்பு. டெல்சி இதற்கு மேலும் ஒன்று செய்து வைத்திருந்தாள்.

மூலத்தில் அந்தச் சாமியார் ஈரமில்லாத ஆள். முகமில்லை, குணமில்லை, வந்து நிற்பார், போவார். சாமியாரைக் கொலைகாரனாக எழுதவே அவளுக்குக் கை கூசியது. குறைந்தபட்சம் மனுஷனாகவாவது இருக்கட்டும் என்று ஆங்காங்கே ஒரு வரி, இரண்டு வரி சேர்த்தாள். மொழிபெயர்ப்பவர்கள் செய்யக் கூடாத காரியம்தான். யோசிக்கும்போது காதுமடலை இழுத்துவிட்டுக்கொள்வார் என்று ஓரிடத்தில் எழுதினாள். பிளேன்டீக்குச் சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே குடிப்பார் என்று இன்னோரிடத்தில். எழுதும்போது அவளுக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அச்சடித்து வந்த பிறகு, கணவன் றிச்சர்ட் கதையை வாசித்துவிட்டு நிமிர்ந்தான்.

"ஏங்க டீச்சர், இது நம்ம மச்சான்ல?"

"என்னா ஒளர்றீங்க?"

"காத இழுக்குறாரு. சீனிய நக்குறாரு. 'சரி மகனே, போ மகனே'ங்கிறாரு. அயர்லாந்துல எந்தச் சாமி உள்ளங்கையில சீனி வச்சு டீ குடிக்குது?"

டெல்சி புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். ஆமாம், அச்சு அசல் அண்ணன். ஒரு கொலைகாரனுக்குக் கூடப்பிறந்தவனின் சாயலைக் கொடுத்து, அதை மூட்டை மூட்டையாக அச்சடித்துச் சுமனின் கடையில் அடுக்கியும் வைத்தாகிவிட்டது.

வேறு சமயமென்றால் அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். ஆனால் போன தேர்தல் நேரத்தில் ஒரு காரியம் நடந்துபோயிருந்தது. பெயரில்லாத ஒரு பேஸ்புக் கணக்கில் யாரோ எழுதினார்கள்: பாதர் மத்தியாஸ் இளைஞர் மன்றத்துப் பிள்ளைகளை ஒரு கட்சிக்கு ஆள்பிடித்துக் கொடுக்கிறாராம். ஊரே பகிர்ந்தது. திருச்சபை மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். விசாரித்ததில் சுத்தப் பொய் என்று தெரிந்தது, பதிவும் இருந்த இடம் தெரியாமல் போனது. பகிர்ந்தவர்களில் ஒருத்தர்கூட வந்து, தப்பாக நினைத்துவிட்டோம் சாமி என்று சொல்லவில்லை. அதிலிருந்து அண்ணன் பிரசங்கத்தில் ஜோக் சொல்வதை நிறுத்திவிட்டார். பூசை முடிந்தால் வாசலில் நின்று பேசுகிறவர், நேரே தான் தங்கும் அறைவீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் காயத்தின் மேல் தங்கச்சியே உப்பைக் கொட்டுவதா?

முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று டெல்சி பலமுறை போனாள். போகும்போதெல்லாம் யாராவது ஞானஸ்நானத்துக்கு நாள் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். யாரும் இல்லாத அன்று அவளுக்கே நாக்கு எழவில்லை. "விழாவுக்கு வந்துருங்கண்ணே" என்பதோடு திரும்பி வந்தாள்.

ஆபத்து இரண்டு பக்கமிருந்தும் வந்தது. ஒன்று செல்லசாமி சேரின் வாய். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர். தலவாக்கலையிலிருந்து ஹற்றன் வரை எந்த நூல் வெளியீடு என்றாலும் நயவுரை அவர்தான். அவருடைய நயவுரை என்றால், கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை ஒன்று விடாமல், குரலை ஏற்றி இறக்கி, அழவேண்டிய இடத்தில் அழுது சொல்லி முடிப்பது. கேட்டவர்கள் புத்தகத்தைப் படிக்கவே தேவையில்லை. பலர் படிப்பதுமில்லை. காதல் கதைக்கும் குடும்பக் கதைக்கும் அது சரி. கொலைக் கதைக்கு?

இன்னொன்று அண்ணனின் கை. எந்தப் புத்தகம் கிடைத்தாலும் அவர் முதலில் திறப்பது கடைசிப் பக்கத்தை. "போற எடம் தெரிஞ்சாத்தான் நிம்மதியாப் போகலாம்" என்பார். சின்ன வயதிலேயே அப்படித்தான்.

சேரின் வாயை அடைக்க டெல்சி அவர் வீட்டுக்கே போனாள்.

"சேர், கடைசிக் கதையோட முடிவ மட்டும் மேடையில சொல்லாம விடுவீங்களா?"

செல்லசாமி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "டெல்சி, இத்தன வருஷமா மேடை ஏறுறேன். ஒரு கதையவும் நான் பாதியில வுட்டது கெடையாது. சனங்க என்னாத்துக்கு வர்றாங்கன்னு நெனக்கிற?"

"அண்ணன் முன்னுக்கு ஒக்காந்திருப்பாங்க சேர். கொலகாரன் சாமியாருன்னு..."

"பாக்கலாம், பாக்கலாம்" என்றார் சேர். பார்க்கலாம் என்று அவர் சொன்னால் முடியாது என்று அர்த்தம். அவரிடம் படித்த டெல்சிக்கு அது தெரியாதா?

அண்ணனின் கையைக் கட்டத்தான் சுமனைப் பிடித்தாள். முதல் பிரதியைத் தங்கநிறத் தாளில் சுற்றி, ரிப்பன் கட்டிக் கொடுப்பது வழக்கம். இழுத்தால் அவிழ்கிற மாதிரிக் கட்டுவார்கள். "அவுக்க முடியாதமாதிரிக் கட்டு சுமன்" என்றாள் டெல்சி. சுமன் காரணம் கேட்காமல் செலோடேப்பை எடுத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றினான். கடைசியில் அது புத்தகம் போலவே இல்லை, வெளிநாட்டுக்குப் போகிற பார்சல் போல இருந்தது.

சனிக்கிழமை காலை கடையின் மேல்மாடி நிறைந்துவிட்டது. ஆசிரியர்கள், கோயில் பாடகர் குழு, மரியாயின் சேனைப் பெண்கள், டெல்சியின் மாணவிகள். பக்கத்துப் பேக்கரியின் சிங்கள முதலாளி பற்றீஸ் தட்டோடு வந்து, தமிழ் கேட்டால் விளங்கும் என்பதால் அப்படியே பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். விளக்கேற்றினார்கள். வாழ்த்துப் பாடினார்கள். இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் என்று சுமன் அறிவித்தபோது, எந்த இறந்தவர்கள், கதையில் வருகிறவர்களா என்று றிச்சர்ட் காதோடு கேட்டான். டெல்சி அவன் தொடையில் கிள்ளினாள்.

பார்சல் கைமாறியது. கைதட்டினார்கள், படமெடுத்தார்கள். பாதர் மத்தியாஸ் அதை மடியில் வைத்துக்கொண்டு மேடை நாற்காலியில் அமர்ந்தார். முகத்தில் சிரிப்பில்லை. இந்த ஒரு வருடமாக இருக்கிற அதே மூடிய முகம்.

செல்லசாமி சேர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

முதல் கதையை முழுசாகச் சொன்னார். இரண்டாவதை முழுசாகச் சொன்னார். கொலைகாரர்கள் வரிசையாகப் பிடிபட்டார்கள். பின்னால் யாரோ, "அப்ப நம்ம எதுக்குக் காசு குடுத்து வாங்கணும்?" என்று முணுமுணுத்தது டெல்சிக்குக் கேட்டது. அதைப் பற்றியெல்லாம் கவலைப்படும் நிலையில் அவள் இல்லை. அண்ணன் அங்கிப் பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்துச் செலோடேப்பைக் கீறிக்கொண்டிருந்தார்.

"இனி, இந்தத் தொகுப்பின் மணிமகுடமான கடைசிக் கதைக்கு வருகிறேன்" என்றார் சேர்.

ஏரியைச் சொன்னார். மழையைச் சொன்னார். தபால் கந்தோர் அம்மாள் தரையில் கிடந்த கோலத்தைச் சொன்னபோது முன்வரிசைப் பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். டாக்டர் வந்தார், போனார், பொய் சொன்னார். பாதர் டோனலும் வந்தார். தங்கத்தாள் கிழிகிற சத்தம் கேட்டது.

"அந்த அபலையைக் கொன்ற பாதகன் யார் தெரியுமா?" சேர் குரலை உயர்த்தினார். கீழே ஸ்டேஷனில் பதுளை ரயில் ஊதிக்கொண்டு புறப்பட்டது. அது போய் முடியும்வரை சேர் கையைத் தூக்கியபடி காத்திருந்தார். மாதாவே, அந்த ரயில் போகாமலே நிற்கக் கூடாதா என்று டெல்சி வேண்டிக்கொண்டாள்.

"அவன் வேறு யாருமல்ல. உயிரைக் காப்பாற்ற வேண்டிய கையால் உயிரைப் பறித்த அந்த ஊர் டாக்டர்!"

சபை ஆவென்றது. கைதட்டல் எழுந்தது. டெல்சிக்கு ஒரு நிமிஷம் எதுவும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. சேர் மாற்றிச் சொல்லிவிட்டார்! பிடித்து வைத்திருந்த மூச்சு மொத்தமாக வெளியே வந்தது. றிச்சர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிழைத்தோம் என்று நினைத்துக்கொண்டே மேடையைப் பார்த்தாள்.

அண்ணன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தார். காதுமடலை இழுத்துக்கொண்டிருந்தார்.

அவர் எழுந்தார். சேர் அமர்வதற்குள் ஒலிவாங்கிக்குப் போய்விட்டார். நிகழ்ச்சி நிரலில் அவருக்குப் பேச்சே இல்லை.

"மன்னிக்கணும்" என்றார். "செல்லசாமி சேர் மேல எனக்கு ரொம்ப மரியாத. ஆனா டாக்டர் நிரபராதி."

புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"கடைசிப் பக்கம் என் கையில இருக்கு. கொன்னது டாக்டர் இல்லீங்க. கொன்னது சாமியாரு. பாதர் டோனல்."

மரியாயின் சேனைப் பெண் ஒருத்தி சிலுவைக் குறி போட்டாள். டெல்சி தலையைக் குனிந்துகொண்டாள். தரை பிளந்தால் தேவலை போலிருந்தது.

"சொல்லாமலே ஒக்காந்திருக்கலாம்னுதான் மொதல்ல நெனச்சேன். முடியல. நீங்க எல்லாரும் வீட்டுக்குப் போயி, டாக்டர்தான் கொன்னாராம்னு சொல்லுவீங்க. அதக் கேட்டவங்க இன்னும் நாலு பேருக்குச் சொல்லுவாங்க. கதையில வர்ற ஆளா இருந்தா என்னா? செய்யாதவன் செய்யாதவன்தான். அப்பிடி ஒருத்தன் மேல பழி வுழுகுறப்ப, பக்கத்துல இருக்குற யாராச்சும் ஒருத்தர் எந்திரிச்சி, இல்ல, அவன் செய்யலன்னு சொல்லணும். சொல்லலைன்னா அவனுக்கு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

குரல் உயரவே இல்லை. ஆனால் அவர் டாக்டரைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது மாடியிலிருந்த எல்லாருக்கும் விளங்கியது. பாடகர் குழுவில் இரண்டொருவர் கீழே பார்த்தார்கள். மரியாயின் சேனைச் செயலாளர் ஜீவராணி சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது பின்வரிசையில் பேக்கரி முதலாளி எழுந்து நின்றார்.

"பாதர், அப்ப அந்த பாதர் எதுக்கு கொன்னது?"

பாதர் மத்தியாஸ் அவரைப் பார்த்தார். புத்தகத்தைப் பார்த்தார். அதைப் படாரென்று மூடி அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அதச் சொல்ல மாட்டேன் முதலாளி. பாவசங்கீர்த்தனத்துல சொன்ன ரகசியம். வேணும்னா பொஸ்தகம் வாங்கிப் பாத்துக்கங்க."

முதலில் சிரித்தது முதலாளிதான். அடுத்து மாணவிகள். அப்புறம் மாடி முழுக்கச் சிரித்தது. மேடையில் நின்ற அண்ணனும் சிரித்தார், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, பழைய மத்தியாஸ் மாதிரியே சிரித்தார். டெல்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் கிடந்த கல் அன்றைக்குத்தான் இறங்கியது.

கூட்டம் சுமனின் மேசையை மொய்த்துக்கொண்டது. சாமியார் ஏன் கொன்றார் என்று தெரியாமல் வீட்டுக்குப் போக யாரும் தயாராக இல்லை. மனத்தாங்கல் செல்லசாமி சேருக்கு மட்டும்தான். பற்றீஸை இரண்டு வாயில் முடித்துவிட்டு டெல்சியிடம் வந்தார்.

"வாழ்க்கையிலயே மொதத் தடவயா ஒரு முடிவ மறைச்சேன். ஒனக்காகத்தான் மறைச்சேன். ராத்திரி பூரா ஒக்காந்து யோசிச்சுத்தான் டாக்டர மாட்டிவுட்டேன். ஒங்கண்ணன் வந்து போட்டு ஒடைச்சிட்டாரே!"

"பெரிய உபகாரம் சேர். மறக்கவே மாட்டேன்" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள் டெல்சி. உண்மையாகத்தான் சொன்னாள்.

அண்ணன் யன்னலோரம் நின்று கடைசிக் கதையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, புத்தகத்தை மறுபடி பைக்குள் போட்டார். ஜீவராணி அவரிடம் போவதை டெல்சி பார்த்தாள். கேட்கக் கூடாதுதான். கேட்டாள்.

"சாமி, டாக்டரைப் பத்திச் சொன்னீங்கல்ல... அன்னைக்கி அந்தப் பேஸ்புக்கு... நானும் அத நாலு பேருக்கு அனுப்புனேன் சாமி. விசாரிக்காம அனுப்பிட்டேன். மன்னிச்சிருங்க."

அண்ணன் அவள் தலையில் கையை வைத்தார். "சரி மகளே. பொஸ்தகம் வாங்கிட்டியா?"

"வாங்கிட்டேன் சாமி."

"கடைசிப் பக்கத்த மொதல்ல படிக்காத. அது கெட்ட பழக்கம்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போன பிறகு டெல்சி பிளேன்டீயோடு அவரிடம் போனாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் கோப்பையை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டு இடது கையை விரித்து நீட்டினார்.

"சீனி?"

அவள் கரண்டியால் உள்ளங்கையில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தபடியே ஒரு நக்கு நக்கினார், ஒரு மிடறு குடித்தார்.

"அயர்லாந்துல இப்பிடித்தான் குடிக்கிறாங்களாம்ல?"

"அண்ணே..." டெல்சி கரண்டியைக் கீழே வைத்தாள். "சத்தியமா வேணும்னு எழுதலண்ணே. அந்தாளு இங்கிலீசுல ரொம்ப மோசமா இருந்தாரு. கொஞ்சம் நல்லவராக் காட்டலாம்னு நெனச்சேன். கை தானா அப்பிடி எழுதிருச்சி. சொல்லணும்னு எத்தனையோ தடவ வந்தேன். பயமா இருந்திச்சி."

"ஆபீஸ் அறையில வந்து ஒக்காந்து, கூரையையே பாத்துட்டுப் போவியே, அதுக்குத்தானா? நான் ஒனக்கும் றிச்சர்ட்டுக்கும் ஏதோ சண்டைன்னு நெனச்சு செபம் பண்ணிக்கிட்டிருந்தேன்."

தள்ளி நின்ற றிச்சர்ட், "அதுவும் வீண் போகல மச்சான்" என்றான்.

அண்ணன் சிரித்துவிட்டு மறுபடி டெல்சி பக்கம் திரும்பினார். பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, செலோடேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த அட்டையைத் தடவினார்.

"ஊருல நல்லவனா இருந்த என்னைய, எவனோ ஒருத்தன் கெட்டவன்னு எழுதுனான். நீ ஒரு கெட்டவன நல்லவனா எழுதப் பாத்திருக்க. அதுக்கு ஒனக்கு ஒரு மூஞ்சி தேவப்பட்டிச்சி, என் மூஞ்சி வந்திருக்கு." உள்ளங்கையில் மிச்சமிருந்த சீனியையும் நக்கி முடித்தார். "எனக்கு அது போதும் டெல்சி. இன்னொரு கோப்ப டீ கெடைக்குமா?"

டெல்சி கோப்பையை வாங்கிக்கொண்டு போனாள். இந்த முறை சீனியைக் கொஞ்சம் அதிகமாகவே எடுத்து வந்தாள்.